குணங்குடியாரின் துறவும் கனாஅத் எனும் பண்பும்

குணங்குடி மஸ்தான் சாகிபைப் பற்றித் தமிழில் வெளிவந்த கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும். அவரைச் சித்தர் வரிசையில் நிறுத்தித் தாயுமானவரோடு ஒப்பிட்டுச் சமரச ஞானி என்று போற்றி முடிப்பது ஒருவகை. மனோன்மணியையும் அகத்தீசரையும் நந்தீசுவரரையும் பெயர் சொல்லி அழைத்துப் பாடிய ஒருவரை இஸ்லாமிய இலக்கியத்தின் எந்த அறையில் அமர்த்துவது என்று தயங்கி நிற்பது மற்றொரு வகை. இரு சாராரும் வழக்காடுவது அவருடைய சொல்லாட்சியைப் பற்றியே. அவர் ஏற்றுக்கொண்ட வறுமையைப் பற்றி இரு சாராரும் ஒரே குரலில்தான் பேசுகின்றனர். உலகத்தைத் துச்சமென உதறினார். போதுமென்ற மனம் கொண்டார். நாமும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்பது மீலாத் மேடைகளிலும் மாநாட்டு மலர்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் முடிவுரை.

எனக்கு ஐயம் இருப்பது அம்முடிவுரையின் மீதுதான். குணங்குடியார் வறுமையைத் தேடிச் சென்று எடுத்துக்கொண்டவர். அவர் பாடலைக் கேட்டுக்கொண்டிருக்கும் கூலித் தொழிலாளியை வறுமை தேடி வந்து பிடித்துக்கொண்டது. இவ்விருவருக்கும் 'கனாஅத்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தி, ஒருவருடைய வாழ்வை மற்றவருக்கு மருந்தாக எழுதிக் கொடுப்பது முறைதானா? நமது மரபு நூல்கள் இந்த வினாவை எழுப்பி விடையும் சொல்லியிருக்கின்றன. அவ்விடையைக் கையில் வைத்துக்கொண்டு குணங்குடியாரைப் படித்தால் அவருடைய பாடல்களே வேறு விதமாக ஒலிக்கக் காண்கிறோம்.

வாழ்க்கைக் குறிப்பை நீட்ட வேண்டியதில்லை. தொண்டிக்கு அண்மையிலுள்ள குணங்குடியில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் தைக்கா சாகிபிடம் மார்க்கக் கல்வி பயின்றார். தாய்மாமன் மகளை மணமுடித்து வைக்கக் குடும்பத்தார் முனைந்தபோது மறுத்தார். பின்னர் திருச்சிராப்பள்ளியில் ஷைகு ஒருவரிடம் காதிரிய்யா வழியில் பைஅத் பெற்று, மலைகளிலும் காடுகளிலும் தனித்திருந்து, இறுதிக் காலத்தில் வடசென்னையில் தங்கி, 1838ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய அடக்கத்தலம் அங்கேயே உள்ளது. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் போன்ற பிற சமயப் புலவர்கள் அவர்மீது பிரபந்தம் பாடினர் என்பது அவருக்கிருந்த மதிப்பின் அளவைக் காட்டும். இவ்வரலாற்றில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றே: வசதியும் திருமணமும் குடும்பத் தொடர்பும் அவருக்கு முன்னால் வைக்கப்பட்டிருந்தன, அவற்றை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். அரபு அகராதியில் காஃப், நூன், ஐன் என்ற மூவெழுத்து வேரிலிருந்து இரண்டு வினைகள் பிறக்கின்றன. நடு எழுத்துக்கு இகர உயிரான கஸ்ர் இட்டு 'கனிஅ' என்றால் கிடைத்ததைக் கொண்டு மனநிறைவு அடைந்தான் என்று பொருள். அதன் தொழிற்பெயர் கனாஅத். அதே எழுத்துக்கு அகர உயிரான ஃபத்ஹ் இட்டு 'கனஅ' என்றால் கையேந்திக் கேட்டான் என்று பொருள். அதன் தொழிற்பெயர் குனூஉ. மனநிறைவுக்கும் இரப்புக்கும் இடையே ஓர் உயிர்க்குறி மட்டுமே நிற்கிறது. முதலாண்டு மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது அவர்கள் சிரிப்பது வழக்கம். நான்காம் ஆண்டில் தஃப்ஸீர் பாடத்தில் இதே வேர் மீண்டும் எதிர்ப்படும்போது சிரிப்பதில்லை.

அல்ஹஜ் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் குர்பானி ஒட்டகங்களைப் பற்றிப் பேசுகிறது. அறுக்கப்பட்டதிலிருந்து நீங்களும் உண்டு, 'கானிஉ' என்பவருக்கும் 'முஃதர்ரு' என்பவருக்கும் உண்ணக் கொடுக்குமாறு அவ்வசனம் பணிக்கிறது. யார் இந்தக் கானிஉ? கேட்காமல் தன் வீட்டில் இருப்பதைக் கொண்டு அமைதியாக இருப்பவர் என்பது விரிவுரையாளர்களுள் ஒரு சாராரின் கருத்து. அப்போது முஃதர்ரு என்பவர் வாசலில் வந்து நிற்பவர். கானிஉ என்பவரே கேட்பவர், முஃதர்ரு என்பவர் கேட்காமல் முன்னே வந்து நிற்பவர் என்பது மற்றொரு சாராரின் கருத்து. இரண்டுக்கும் மொழியில் இடமுண்டு. முதற்கருத்தை எடுத்துக்கொண்டால் நம் கவனத்துக்கு உரிய செய்தி ஒன்று புலப்படுகிறது. போதுமென்று அமைந்திருக்கும் மனிதர் குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் அந்த இடத்தில், அவரைப் பாராட்டுமாறு நமக்குக் கட்டளையில்லை. அவரைப் பின்பற்றுமாறு பிற ஏழைகளுக்கு உபதேசிக்குமாறும் கட்டளையில்லை. அவருக்கு இறைச்சி கொடுக்குமாறு கட்டளை இருக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனமும் இதே திசையில்தான் செல்கிறது. கேட்காமல் மானம் காத்து இருப்பதால் விவரமறியாதவர் செல்வர் என்று எண்ணிவிடும் ஏழைகளை அவ்வசனம் வருணிக்கிறது. அவ்வருணனை அமைந்திருப்பது தருமத்தைப் பற்றிய பகுதியில். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது கொடுப்பவரின் வேலை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாஉ உலூமித்தீன் நாற்பது நூல்களைக் கொண்டது என்பது வாசகர் அறிந்ததே. அதன் இறுதிக் காற்பகுதியில், பொறுமையும் நன்றியும் பற்றிய நூலுக்குச் சற்றுப் பின்னர், வறுமையும் பற்றின்மையும் பற்றிய நூல் வருகிறது. அங்கே அவர்கள் முதலில் செய்வது ஏழை என்ற சொல்லைப் பிரிப்பது. கையில் பொருள் இல்லாதவர் அனைவரும் ஒருவர் அல்லர். ஐந்து நிலையினர் உளர் என்கிறார்கள்.

பொருள் வந்தால் வருந்தி அதைவிட்டு விலகுபவர் ஸாஹித். வந்தால் மகிழ்வதும் இல்லை, வெறுப்பதும் இல்லை என்ற நிலையில் இருப்பவர் ராளீ. பொருள் இல்லாமல் இருப்பதைவிட இருப்பதே அவருக்கு விருப்பம், ஆனால் அதைத் தேடி எழுந்து அலையுமளவுக்கு அவ்விருப்பம் வலுவானதல்ல, தூய வழியில் எளிதாக வந்தால் மகிழ்ந்து ஏற்பார் என்பவர் கானிஉ. தேடாமல் இருப்பதற்குக் காரணம் இயலாமை மட்டுமே, வழி கிடைத்தால் எப்பாடு பட்டேனும் தேடுவார் என்பவர் ஹரீஸ். ஐந்தாமவர் முள்தர்ரு, அவரிடம் இல்லாத பொருள் அவருக்கு இன்றியமையாதது. பசித்திருப்பவரிடம் ரொட்டி இல்லை. ஆடையற்றவரிடம் துணி இல்லை. அவருக்கு ஆசை இருக்கிறதா, எந்த அளவுக்கு இருக்கிறது என்பது இங்கே அளவுகோல் அன்று. தேவையே அளவுகோல்.

இப்பகுப்பின் அருமை என்னவெனில், கனாஅத் என்பது இதில் உச்சியிலும் இல்லை, எல்லாருக்கும் பொதுவாகவும் இல்லை. அது மூன்றாம் படி. கஞ்சிக்கு வழியில்லாதவரிடம் சென்று கனாஅத் கொள்ளுங்கள் என்பது ஐந்தாம் நிலையில் இருப்பவருக்கு மூன்றாம் நிலைக்குரிய சட்டத்தை ஓதுவது. ஃபிக்ஹு பாடத்தில் ஒரு மாணவர் இவ்வாறு செய்தால், நோயாளிக்கும் பயணிக்கும் உள்ளூர்க்காரரின் நோன்புச் சட்டத்தைச் சொல்லிவிட்டாய் என்று திருத்துவோம். மிம்பரில் செய்தால் நாம் திருத்துவதில்லை.

ஐந்துக்கும் மேலே இன்னொரு நிலையையும் இமாம் அவர்கள் காட்டுகிறார்கள். பொருள் இருப்பதும் இல்லாததும் ஒன்றேயான அந்நிலையினரை முஸ்தக்னீ என்று அழைக்கிறார்கள். எடுத்துக்காட்டாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைச் சொல்கிறார்கள். அன்னையாருக்கு ஒருமுறை ஒரு இலட்சம் திர்ஹம் வந்தது. அன்றே முழுவதையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். நோன்பு திறக்க ஒரு திர்ஹமுக்கு இறைச்சி வாங்கியிருக்கலாகாதா என்று பணிப்பெண் கேட்க, நினைவூட்டியிருந்தால் செய்திருப்பேனே என்று விடையளித்தார்கள். இந்நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் அன்னையாரின் கொடையில் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த விடை கொடையைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. இறைச்சி கேட்ட பணிப்பெண்ணை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. உலக ஆசை என்று உபதேசம் செய்யவில்லை. தமக்கு அது ஒரு பொருட்டாக இல்லை என்பது, அடுத்தவருக்கும் அது ஒரு பொருட்டாக இருக்கலாகாது என்று ஆகவில்லை.

இந்த அளவுகோல்களோடு குணங்குடியாரிடம் திரும்புவோம். அவர் இவற்றுள் எந்த நிலையினர்? மேடைப் பேச்சு அவரைக் கானிஉ என்கிறது. பாடல்கள் அவ்வாறு சொல்லவில்லை. பராபரக்கண்ணியையோ றகுமான் கண்ணியையோ மனோன்மணிக் கண்ணியையோ தொடர்ந்து ஓர் அமர்வில் படித்துப் பார்க்கட்டும். அவற்றில் ஒலிப்பது நிறைவடைந்த ஒருவரின் குரலன்று. கேட்கிறார், கெஞ்சுகிறார், தம்மைத் தாமே நிந்தித்துக்கொள்கிறார், இன்னும் எத்தனை நாள் என்று முறையிடுகிறார். முகியித்தீன் சதகத்தில் கௌதுல் அஃளம் அவர்களை அழைக்கும் அழைப்பிலும் இதே தவிப்புத்தான். போதுமென்ற மனத்துக்கு எடுத்துக்காட்டாக நாம் உயர்த்திப் பிடிக்கும் புலவர், நம் இலக்கியத்திலேயே எதுவும் போதாதென்று மிக அதிகமாகப் புலம்பியவர்களுள் ஒருவர். இம்முரணைப் பலரும் கவனிக்காமல் கடந்திருப்பது வியப்பாக உள்ளது.

முரண் தோற்றத்தில்தான். கற்பதில் பேராசை கொண்டவரும் உலகில் பேராசை கொண்டவருமாகிய இருவர் மட்டும் ஒருபோதும் வயிறு நிறையாதவர்கள் என்ற கருத்தில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடமிருந்து ஓர் அறிவிப்பு உண்டு. மனிதனிடம் உள்ள பசி ஒன்றே. அது எங்கே செலவாகிறது என்பதுதான் வேறுபாடு. குணங்குடியார் பசியை அணைத்துவிடவில்லை, இடம் மாற்றினார். உணவில், உடையில், இருப்பிடத்தில் கிடைத்தது போதும் என்று முடித்துக்கொண்டதனால் மிஞ்சிய தவிப்பு முழுவதும் ஒரே வாசலில் சென்று முட்டுகிறது. அவருடைய துறவு ஒரு தேர்வு. இதை விட்டதனால் அதைக் கேட்க முடிந்தது. கனாஅத் அவரிடம் நோக்கமாக இல்லை. நோக்கத்துக்கு வழிவிடும் ஏற்பாடாக இருந்தது. தேர்வை நீக்கிவிட்டு ஏற்பாட்டை மட்டும் பிறருக்குப் பரிந்துரைத்தால் அங்கே எஞ்சுவது வெறும் இல்லாமை.

அவருடைய கண்ணி வடிவத்தையும் இக்கோணத்தில் நோக்கலாம். இரண்டடியில் முடிந்து, ஒவ்வொன்றும் ஒரே விளியில் வந்து நிற்கும் அமைப்பு அது. தாயுமானவரும் பராபரக்கண்ணி பாடியவரே. வடிவம் குணங்குடியாருக்கு முன்பே இருந்தது. இந்த வடிவம் வாசல்தோறும் நின்று அழைப்பதற்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஒரு கண்ணியில் கேட்டது கிடைக்கவில்லையானால் அடுத்த கண்ணியில் மீண்டும் கேட்கலாம். தாயிரா அடித்துப் பாடிவரும் பக்கீர்களின் வாயில் இப்பாடல்கள் நீண்ட நாள் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கனிஅ, கனஅ என்ற இரு வினைகளும் இங்கே ஒரே ஆளிடம் கூடுகின்றன: படைப்புகளின் முன்னே நிறைவடைந்தவர், படைத்தவன் முன்னே இரப்பவர்.

குறையும் சொல்ல வேண்டும். உடலையும் பெண்ணையும் இல்லறத்தையும் இழித்துப் பேசும் இடங்களில் குணங்குடியாரின் தனிக்குரல் மங்கி, சித்தர் பாடல் மரபின் பொதுக்குரல் மேலோங்கிவிடுகிறது. அவை எவரும் பாடியிருக்கக்கூடியவை. உலகத்தைத் திட்டுவதைவிட இறைவனிடம் கேட்பதில்தான் அவர் கவிஞர். மேடைகளில் மேற்கோளாக எடுத்தாளப்படுபவை பெரும்பாலும் திட்டும் பகுதிகளே என்பதுதான் வருத்தத்துக்குரியது.

ஆனால் இல்லறத்தைப் பாட்டில் இகழ்ந்தவர் வாழ்வில் எவரையும் நட்டாற்றில் விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் மணமுடித்துப் பின்னர் மனைவியை விட்டுச் சென்றவரல்லர்; மணத்துக்கு முன்பே மறுத்தவர். அவருடைய நோன்பினால் வேறு எவருடைய அடுப்பும் அணையவில்லை. துறவைப் பற்றிய நம் பேச்சில் இவ்வேறுபாட்டுக்கு உரிய இடம் தரப்படுவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸல்மான் (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகிய இருவரையும் சகோதரர்களாக இணைத்து வைத்த பின்னர் நடந்ததை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அபுத்தர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். அவர்களுடைய மனைவி கலைந்த கோலத்தில் இருக்கக் கண்ட ஸல்மான் (ரலி), இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உரிமைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுக்க வேண்டும் என்று எடுத்துரைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னது உண்மையே என்று ஏற்றார்கள். தேர்வு செய்யும் உரிமை ஒருவருக்குத் தம் தட்டின் மீது உண்டு. மனைவி மக்களின் தட்டின் மீது இல்லை.

இமாம் கஸ்ஸாலியின் சொந்த வரலாறும் இதற்குச் சான்று. ஹிஜ்ரி 488, அதாவது 1095ஆம் ஆண்டு, பக்தாது நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராக இருந்தபோது ஏறத்தாழ ஆறு மாதம் போவதா இருப்பதா என்று தடுமாறி, இறுதியில் நாவே எழாமல் போய்ப் பாடம் நடத்த இயலாத நிலைக்கு வந்து, எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டார்கள். அதைப் பற்றித் தன்வரலாறான அல்முன்கிதில் எழுதும்போது, செல்வத்தைப் பங்கிட்டுவிட்டதையும், தமக்குப் போதுமான அளவையும் குழந்தைகளின் உணவுக்கு உரியதையும் வைத்துக்கொண்டதையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அதற்கு நியாயமும் கூறுகிறார்கள்: ஈராக்கின் பொருள் முஸ்லிம்களுக்கு வக்ஃபாக உள்ளது, ஓர் அறிஞர் தம் குடும்பத்துக்கு எடுத்துக்கொள்வதற்கு அதைவிடத் தகுந்த பொருள் இல்லை என்று. உலகத் துறவின் உச்சக்கட்டத்தை எழுதும் இடத்தில் குழந்தைகளின் சாப்பாட்டுக் கணக்கு வருகிறது. அதை நீக்கிவிட்டு அவ்வரலாற்றைச் சொல்பவர்கள் இமாமைவிடப் பெரிய துறவியை உருவாக்கிவிடுகிறார்கள்.

ஏட்டில் உள்ள இப்பிரிவுகளுக்கும் நம் ஊர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகள் நிரம்பி வழிந்ததும், வீடுகளும் வயல்களும் நீரில் கிடந்ததும் இப்பகுதியினருக்கு மறந்திருக்காது. அந்நாள்களில் உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் ஜும்ஆ உரை கேட்க நேர்ந்தது. உரையாற்றியவர் நல்ல நாவன்மை உடையவர். துன்பத்துக்குப் பிறகு இன்பம் வரும், அதுவரை பொறுமை காக்க வேண்டும், நம் முன்னோர் கந்தலுடுத்தி வாழ்ந்தனர் என்றார். குணங்குடியார் பெயரும் வந்தது. தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, நாற்று நடும் கூலிக்குச் செல்லும் ஒருவர் என்னிடம், "ஹஜ்ரத், பொறுமையாகத்தான் இருக்கிறோம். கூரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உரையில் ஏதோ ஒரு பகுதி தமக்குக் கேட்காமல் போய்விட்டதோ என்பது போலத்தான் கேட்டார்.

அவ்வுரையில் ஒரு மொழிப்பிழையும் இருந்தது. அல்இன்ஷிராஹ் அத்தியாயம் துன்பத்தையும் எளிமையையும் இணைக்கும் சொல் 'மஅ'. அதன் பொருள் 'உடன்' என்பது, 'பிறகு' என்பதன்று. எளிமை மிக அருகில் இருப்பதால் உடனிருப்பது போலவே சொல்லப்பட்டது என்று அல்லாமா ஸமக்ஷரீ விளக்குவார். 'பிறகு' என்ற பொருள் தரும் 'பஃத' என்ற சொல்லுடன் இதே கருத்து வருவது அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தில். அவ்வசனத்தின் பொருளோ மணவிலக்குப் பெற்ற பெண்ணின் செலவுத்தொகை. வசதியுள்ளவன் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் இருப்பவன் தனக்குக் கொடுக்கப்பட்டதிலிருந்தும் செலவிட வேண்டும் என்று கட்டளையிட்ட பிறகே அந்த ஆறுதல் வருகிறது. ஆக, துன்பத்துக்குப் பின் எளிமை உண்டு என்று குர்ஆன் சொல்லும் இடத்தில் அது ஏழையாகிய கணவனுக்குக்கூடக் கொடுக்கும் கடமையை நினைவூட்டிவிட்டுத்தான் சொல்கிறது. வெறுங்கையோடு நிற்பவரிடம் சென்று ஓதும் ஆறுதலாக அது அங்கே அமையவில்லை.

பொறுமை எல்லா இடத்திலும் நன்மையா என்ற வினாவுக்கும் இஹ்யாவில் விடை உண்டு. பொறுமையும் கடமையானது, விரும்பத்தக்கது, வெறுக்கத்தக்கது, தடுக்கப்பட்டது எனப் பிரியும். தன் கையோ தன் பிள்ளையின் கையோ வெட்டப்படும்போது வாய்மூடிப் பொறுத்திருப்பது ஹராமான பொறுமைக்கு இமாம் தரும் எடுத்துக்காட்டு. பிறருடைய அநீதியால் வரும் துன்பத்தையும் விதியால் வரும் துன்பத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அவர்கள் காட்டிய வழியன்று. வறுமையிலிருந்து பாதுகாவல் தேடி நபி (ஸல்) அவர்கள் கேட்ட துஆவில் குஃப்ரும் வறுமையும் அருகருகே நிற்பதை அபூதாவூதில் காண்கிறோம். வறுமையே புனிதமெனில் அதிலிருந்து பாதுகாவல் தேடுவானேன்?

எங்கள் உத்திரமேரூரைப் பற்றி அறிந்தவர்கள் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை அறிவர். குடவோலை முறைக்காகவே அவை பேசப்படுகின்றன. அவற்றில் ஏரி வாரியம் என்றொரு குழு வருகிறது. வைரமேகத் தடாகம் என்ற பெயரில் கல்வெட்டுகளில் காணும் பெரிய ஏரியை நம்பி விளைந்த ஊர் இது. மழை இறைவன் கையில் என்பதை அக்காலத்தவரும் தம் நம்பிக்கைப்படி அறிந்திருப்பர். ஆயினும் கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குச் சொன்னதாகத் திர்மிதியில் வரும் அறிவிப்பின் பொருளும் இதுவே. (வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வு பெற இயலாது என்றொரு விதியும் அக்கல்வெட்டில் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகப் பொதுக்குழுவுக்குச் செல்லும் முன் நண்பர்கள் ஒருமுறை வந்து பார்த்துச் செல்லலாம்.)

நிர்வாகம் என்றதும் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வந்துவிட்டோம். கனாஅத்தைப் பற்றிய உபதேசம் நம் சமூகத்தில் மிக அதிகமாக யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? கிராமத்துப் பள்ளிவாசலின் பேஷ் இமாமை நோக்கி, மோதினாரை நோக்கி, மக்தபில் பிள்ளைகளுக்கு அலிஃப் பே சொல்லிக் கொடுப்பவரை நோக்கி. ஏழாண்டு படித்து ஸனது வாங்கிச் செல்லும் எங்கள் மாணவர்கள் ஓராண்டு கழித்துப் பார்க்க வரும்போது சொல்லும் கதைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால், இல்முக்கு விலையா என்று கேட்கிறார்கள். ஸலஃபுகள் பேரீச்சம்பழம் தின்று வாழ்ந்தார்கள் என்கிறார்கள். ஆலிம் என்றால் போதுமென்ற மனம் வேண்டாமா என்கிறார்கள். கேட்பவர்களின் வீட்டுத் திருமணத்துக்கு எத்தனை ஆட்டு பிரியாணி என்பதை அதே இமாம் துஆ ஓதச் சென்று கண்டு வருகிறார். எவருடைய கஞ்சியைக் குறைப்பதற்கு ஒரு பண்பு துணையாகிறதோ, அவருடைய வாயிலிருந்து அப்பண்பைப் பற்றிய சொல் வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. குறைக்கும் கையை உடையவரின் வாயிலிருந்து வரும்போது அது உபதேசமா, பேரமா என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

இல்முக்காக எளிய வாழ்வைத் தேர்ந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை நான் அறிவேன். வளைகுடா வேலையை விட்டுவிட்டு ஓத வந்தவர்கள் எங்கள் வகுப்பறையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கனாஅத் உண்மையானது, குணங்குடியாருடையதைப் போலவே ஒன்றைக் கேட்பதற்காக மற்றொன்றை விட்டது. அதைப் பாராட்டுவதற்குச் சிறந்த வழி அதைச் சம்பளப் பட்டியலில் ஒரு கழிவாக எழுதாமல் இருப்பது.

அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பின்னரும் வழக்கம்போல் துணிகளைச் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள் என்று இப்னு ஸஅது தம் தபகாத்தில் எழுதுகிறார். வழியில் எதிர்ப்பட்ட உமர் (ரலி), அபூஉபைதா (ரலி) ஆகியோர் எங்கே செல்கிறீர்கள் என்று கேட்டார்கள். குடும்பத்துக்கு உணவு வேண்டாமா என்றார்கள் கலீஃபா. அந்த உம்மத்தில் அவர்களைவிடப் போதுமென்ற மனம் உடையவர் எவர் இருந்தார்? ஆயினும் அந்த இருவரும் அவர்களுக்கு ஸுஹ்தைப் பற்றி எடுத்துரைக்கவில்லை. பைத்துல்மாலிலிருந்து உணவுக்கும் உடைக்கும் ஒரு தொகையை நிர்ணயித்தார்கள். மரணத் தறுவாயில் அபூபக்ர் (ரலி) தாம் பெற்றதைத் தம் சொத்திலிருந்து பைத்துல்மாலுக்குத் திருப்பிச் செலுத்தப் பணித்தார்கள். திருப்பிக் கொடுத்தது அவர்களுடைய தேர்வு. நிர்ணயித்துக் கொடுத்தது மற்றவர்களுடைய கடமை. அச்செய்தி வந்தபோது, தமக்குப் பின் வருபவர்களை அபூபக்ர் சிரமத்தில் ஆழ்த்திவிட்டார் என்று உமர் (ரலி) கலங்கினார்கள். அடுத்த கலீஃபாவுக்கும் செலவுத்தொகை நிர்ணயிக்கப்பட்டது.